வி8 போட்ட எம்ஜிபி விற்பனைக்கு வந்திருக்கிறது: நம்பலாமா?

கேள்வி, ஜூன் 7

அண்ணன்மார்களே, 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இங்கே சிங்கப்பூரில் ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருக்கிறது. பச்சை நிறம், குரோம் பம்பர், ஸ்போக் வீல். "ஒரிஜினல் வி8" (எட்டு சிலிண்டர் எஞ்ஜின்), "தாம்சன் ரேஸில் ஓடியது" என்று போட்டிருக்கிறார்கள். விலை 98,000 வெள்ளி. சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமம்) மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி, ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 1,460 சொச்சம். படங்கள் நிறைய இருக்கின்றன, பளபளப்பாகத்தான் இருக்கிறது. போய்ப் பார்க்கலாமா?

ஜூன் 7, இரவு

தம்பி, கிளம்புவதற்கு முன் விளம்பரத்தை இன்னொரு முறை படியுங்கள். ஒரிஜினல் வி8 ரோட்ஸ்டர் என்று ஒரு எம்ஜிபியை இங்கிலாந்தின் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலை கட்டவே இல்லை. 1973 முதல் 1976 வரை வி8 போட்டு வந்தது கூரை வைத்த ஜிடி மட்டும்தான். அதுவும் மொத்தம் 2,591 வண்டிகள். அதற்கு முன்பே கென் காஸ்டெல்லோ என்பவர் இங்கிலாந்தில் எம்ஜிபிக்குள் ரோவர் வி8-ஐ இறக்கி விற்றுக்கொண்டிருந்தார், தொழிற்சாலை அதைப் பார்த்துத்தான் முழித்துக்கொண்டது. கூரையில்லாத வி8 தொழிற்சாலையிலிருந்து வந்தது 1990களின் ஆர்வி8-தான். அது வேறு வண்டி, பெரும்பாலும் ஜப்பானுக்குப் போனது.

ஆக "ஒரிஜினல்" என்பது பொய், அல்லது விற்பவருக்கே தெரியவில்லை. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

ஜூன் 7, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து

தூக்கம் வரவில்லை, அந்த ரோட் டேக்ஸ் எண் உறுத்துகிறது. சிஓஇ-யில் ஓடும் வண்டி என்றால் இங்கே ரோட் டேக்ஸ் சிசியைப் பொறுத்தது. 14 வருடம் தாண்டிய வண்டிக்கு அதன் மேல் 50 விழுக்காடு கூடுதல். எம்ஜிபியின் சொந்த எஞ்ஜின் 1,798 சிசி. அதற்குக் கணக்குப் போட்டால் கூடுதலையும் சேர்த்து வருடத்துக்கு 1,460 சொச்சம் வருகிறது. விளம்பரத்தில் இருப்பது அதே தொகை. ரோவர் வி8 3,528 சிசி. அதற்கு 4,800 வெள்ளியைத் தாண்டும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? லாக் கார்டில் (வண்டியின் பதிவு அட்டை) இருப்பது நாலு சிலிண்டர் எஞ்ஜின். பானெட்டுக்கு அடியில் வி8 இருக்கிறது என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரியாமல் இருக்கிறது. அனுமதி இல்லாத எஞ்ஜினோடு ஓட்டி நாளைக்கு ஒரு விபத்து என்றால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். வண்டி அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். எஞ்ஜின் மாற்றத்துக்கு அனுமதிக் கடிதம் உண்டா என்று ஒரே வரியில் கேட்டு அனுப்புங்கள்.

ஜூன் 8

தனிச்செய்தியில் ஒருவர் கேட்கிறார்: வருடா வருடம் பரிசோதனையில் பாஸ் ஆகியிருக்கிறதே, அப்புறம் என்ன?

பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு என்பது சரி. ஆனால் பாஸ் ஆனது எந்த நிலையில் என்று தெரியாதே. பரிசோதனைக்குப் பிறகு மாற்றியிருக்கலாம். அல்லது படத்தில் இருப்பது இந்த வண்டியே இல்லை என்றும் இருக்கலாம். பரிசோதனைச் சீட்டு அன்றைக்குப் பிரேக்கும் புகையும் சரியாக இருந்ததைச் சொல்லும், அவ்வளவுதான்.

ஜூன் 8, மாலை

நான் மாற்றங்களுக்கே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மாற்றாத எம்ஜிபியை நம் ஊரில் ஓட்டுவது தவம். பிஐஇ விரைவுச்சாலையில் மதியம் மூன்று மணிக்கு ஊர்ந்துபோகும்போது வெப்பமானி முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போவது எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எலெக்ட்ரிக் ஃபேன், எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஆயில் கூலர் இவையெல்லாம் இருந்தால் எனக்கு மதிப்பு கூடும், குறையாது. ஈயம் இல்லாத பெட்ரோலுக்கேற்ற கடினமான வால்வ் சீட் போட்ட ஹெட் என்றால் பில்லைக் காட்டச் சொல்வேன், காட்டினால் கை குலுக்குவேன்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: ஸ்பானரால் கழற்றிப் பழையபடி ஆக்க முடியுமா, இல்லை தகரத்தை வெட்டியிருக்கிறார்களா. இரட்டை எஸ்யு கார்புரேட்டரைக் கழற்றி ஒரு வெபர் போட்டால் ஒரு சனிக்கிழமையில் திருப்பிவிடலாம் (எஸ்யு-வைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்திருந்தால்). அகலமான டயருக்காக வீல் ஆர்ச்சை வெட்டினால் அது வேறு கதை. ஐந்து கியர் பெட்டி போடுவதற்காக நடு டனலைச் சுத்தியலால் அடித்து வீங்க வைத்திருப்பார்கள், கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரியும். ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் எஞ்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) ஒழுங்காக வேலை செய்கிற எம்ஜிபிக்கு ஐந்தாவது கியர் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜூன் 9

சரி, தகரம் என்று சொல்லிவிட்டேன், சொல்லி முடித்துவிடுகிறேன். எம்ஜிபிக்கு அடியில் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. அதனால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் சில். வெளிச் சில், உள் சில், நடுவில் ஒரு தகடு, அடியில் காஸில் ரெயில். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிஸ்கட்டாகியிருக்கும். நம் ஊர் மழைக்கும் ஈரக் காற்றுக்கும் கேட்கவா வேண்டும்.

என்னிடம் ஒரு ரோட்ஸ்டர் இருந்தது. சில் மாற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், பெயர் வேண்டாம். இரண்டு கதவு இடைவெளிக்கும் குறுக்கே இரும்புப் பட்டை வெல்ட் செய்து இறுக்கிவிட்டுத்தான் பழைய சில்லை வெட்ட வேண்டும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வண்டி நடுவில் தொய்ந்துபோய், அந்தத் தொய்விலேயே புதுச் சில்லை வெல்ட் செய்து, பெயிண்ட் அடித்து, சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் மூடவில்லை. "கீலை அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும், அண்ணே." கீலை எங்கே அட்ஜஸ்ட் செய்வது, வண்டியே வளைந்திருக்கிறது. மறுபடி வெட்டி மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று, வேறு இடத்தில், முழுக் காசும் கொடுத்து.

படத்திலேயே பார்க்கலாம்: கதவின் பின்பக்க இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா? ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்தால் வண்டி மடங்குகிறது. நேரில் போனால் ஜாக்கி பாயின்டில் ஏற்றி, கதவு திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். ஜாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவர் பதறினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

ஏழாவது படத்தில் சில்லுக்கு மேல் எவர்சில்வர் பட்டை தெரிகிறது. அழகுக்காக ஒட்டுபவர்களும் உண்டு. மறைக்க ஒட்டுபவர்களும் உண்டு.

ஜூன் 10

தாம்சன் ரேஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை. அப்பர் தாம்சன் சாலையில் பந்தயம் நடந்தது 1961 முதல் 1973 வரை. நடுவில் சில வருடம் அதற்கு மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர், 1966-லிருந்து சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதுகாப்பில்லை என்று 1973-ஓடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நமக்குப் பந்தயம் வந்தது 2008-ல், மரினா பேயில், விளக்கு வெளிச்சத்தில்.

கடைசி வருடங்களில் பந்தயம் நடந்தது ஈஸ்டர் வாக்கில். 1972 வண்டி என்றால் அங்கே ஓடக் கிடைத்தது அதிகம் போனால் இரண்டு ஈஸ்டர். ஓடியிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஓடியிருந்தால் பந்தய எண் எழுதிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம், நிகழ்ச்சி நிரலில் ஒரு பெயர், ரோல் பார் பூட்டிய ஓட்டை, ஏதாவது ஒன்றாவது மிஞ்சியிருக்கும். ஒன்றும் இல்லையென்றால் அந்த வரிக்கு விலை பூஜ்யம். இப்போது அந்தச் சாலையில் நாம் எல்லாரும் பிராட்டா சாப்பிடப் பார்க்கிங் தேடித்தான் சுற்றுகிறோம். அதையும் ரேஸ் என்று போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 11

எஞ்ஜின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

முதல் படத்தில் ஸ்டீயரிங் வலப்பக்கம். எஞ்ஜின் படத்தில் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி இடப்பக்கம். அது இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் வண்டி, அமெரிக்காவில் எங்கோ எடுத்த படமாக இருக்கும். ஆக 7-ஆம் தேதி நான் ஆணையம், காப்புறுதி என்று பயமுறுத்தியது இந்த வண்டிக்குப் பொருந்தாமலே போகலாம். ரோட் டேக்ஸ் எண்தான் உண்மை பேசியிருக்கிறது, படம் இல்லை.

தம்பி, அவர்களுடைய வண்டியின் பானெட்டைத் திறந்து, பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்து ஒரு படம் கேளுங்கள். கடத்தல்காரர்களிடம் கேட்பது மாதிரி இருக்கும், பரவாயில்லை.

ஜூன் 12

விற்பவர் பதில் சொல்லியிருக்கிறார். தம்பி அனுப்பிய செய்தியின் சாரம்: வண்டியில் இருப்பது சொந்த எஞ்ஜின்தான். வி8 தனியாக ஒரு ஸ்டாண்டில் இருக்கிறது, "விலையில் அடக்கம்". அனுமதி வாங்குவது, பொருத்துவது எல்லாம் வாங்குபவர் பாடு. செய்தித்தாள் வைக்கவில்லை, ஆனால் புதுப்படம் அனுப்பியிருக்கிறார்.

இதைக் கேட்டு எனக்கு நிம்மதிதான். சட்டப்படி சரியாக இருக்கும் ஒரு 1,798 சிசி எம்ஜிபி, கூடவே ஒரு பழைய ரோவர் எஞ்ஜின். எஞ்ஜினை மறந்துவிட்டு வண்டிக்கு என்ன கொடுப்பீர்கள் என்று யோசியுங்கள். ஸ்டாண்டில் இருக்கும் எஞ்ஜின் உள்ளே எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எண்ணெய் ஊற்றி எப்போது கடைசியாகச் சுற்றினார்கள்?

ஜூன் 12, இரவு

புதுப்படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். நிம்மதியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நாலு சிலிண்டர் எஞ்ஜின், இரட்டை எஸ்யு, எல்லாம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்க உள் விங்கிலும் (எஞ்ஜின் அறையின் பக்கச் சுவர்) முட்டை வடிவத்தில் அலுமினியத் தகடு ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்கள். அங்கே ஓட்டை இருக்கிறது. வி8-இன் எக்ஸாஸ்ட் குழாயை உள் விங் வழியாக வெளியே எடுத்து இறக்குவது ஒரு முறை, ஆர்வி8-லும் அப்படித்தான். மாப்பிள்ளை கிடைக்குமுன்பே மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த மாதிரி, எஞ்ஜின் வருமுன்பே வெட்டி வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டரையும் முன்னால் தள்ளியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல். 1977 மாடலிலிருந்து தொழிற்சாலையே ரேடியேட்டரை முன்னால் கொண்டுபோனது. அதாவது பிற்கால ரப்பர் பம்பர் வண்டியை வாங்கி, குரோம் பம்பர் மாட்டி, 1972 என்று விற்பவர்களும் உண்டு. ரேடியேட்டர் முன்னால் இருப்பது வி8-க்காகத் தள்ளியதா, பிறவியிலேயே அப்படியா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. வண்டி நிற்கும் உயரத்தையும் வைத்துச் சொல்ல முடியாது, ரப்பர் பம்பர் வண்டியை 1974 கடைசியில் உயர்த்தியது உண்மை, ஆனால் இறக்குவது சுலபம். சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருந்தால் பழையது, 12 வோல்ட் ஒன்று இருந்தால் புதியது என்பார்கள். இரண்டை எடுத்துவிட்டு ஒன்று போடாத எம்ஜிபிக்காரர் நம் ஊரில் யார்?

லாக் கார்டில் முதல் பதிவுத் தேதி இருக்கும், அதைக் கேளுங்கள். சேஸி எண்ணையும் வாங்குங்கள். இங்கிலாந்தில் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது: எப்போது கட்டியது, என்ன நிறம், எந்த எஞ்ஜின் எண், எந்த நாட்டுக்கு அனுப்பியது. காசு கட்ட வேண்டும். விளம்பரத்தின் எல்லா வரிகளையும் விட அந்த ஒரு தாளை நான் நம்புவேன்.

ஜூன் 14

ஒருவர் கேட்டார், மலேசியாவுக்கு, ஜோகூரில் கொண்டுபோய் வி8 போட்டுக்கொண்டு வந்தால் கூலி பாதிதானே என்று. கூலி குறையும், அனுமதி குறையாது. வண்டியின் நம்பர் பிளேட் இங்கேதான் இருக்கிறது.

ஜோகூருக்குப் போகும் கடற்பாலம் என்றதும் இன்னொன்று. சிங்கப்பூர் வண்டி முக்கால் டேங்க் பெட்ரோலோடுதான் வெளியே போக வேண்டும். என் எம்ஜிபியின் பெட்ரோல் முள் தன் மனம் போன போக்கில் ஆடும், ரொப்பிக்கொண்டு போனாலும் பாதி காட்டும். உட்லண்ட்ஸில் அதிகாரி எட்டிப் பார்ப்பார், நான் டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டுவேன், முள் ஏறும். அவரும் தட்டிப் பார்ப்பார். பின்னால் வரிசை ஹாரன் அடிக்கும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு முன்னால் அந்த முள்ளைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

ஜூன் 15

தம்பியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விற்பவர் நல்ல மனிதர், காப்பி வாங்கிக் கொடுத்தார், ஜாக்கி வைக்கவும் தடை சொல்லவில்லை. எவர்சில்வர் பட்டைக்குக் கீழே காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது, அதாவது புட்டி வைத்து நிரப்பவில்லை, தகரம்தான். இடப்பக்கம் ஏற்றியும் கதவு சுகமாக மூடியது. வலப்பக்கம் கொஞ்சம் உரசல், ஆனால் நான் பார்த்த எம்ஜிபிகளில் இது மேல். 9-ஆம் தேதி அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றியது.

ஸ்போக் வீல்தான் மோசம். கைபிரேக்கைப் போட்டு, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, முன்னும் பின்னும் ஆட்டினால் சக்கரம் தனியாக ஆடுகிறது. ஹப்பின் (சக்கரம் மாட்டும் குடம்) பல்வரி தேய்ந்துவிட்டது. ரிவர்ஸ் போட்டால் "டொக்" என்கிறது. சக்கரம் மட்டும் புதிதாகப் போட்டால் தேய்ந்த ஹப் புதுச் சக்கரத்தையும் தின்றுவிடும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எஞ்ஜின் சூடான பிறகும் ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 50-க்கு மேல் நின்றது, ஓவர்டிரைவும் பிடிக்கிறது. உள் விங் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இல்லை. அது சில் மாதிரி பாரம் தாங்கும் இடமும் இல்லை, தகடு வெட்டி வெல்ட் செய்து மூடலாம். வி8 எஞ்ஜினைத் தார்ப்பாலின் போட்டு மூடி வைத்திருந்தார். பிளக் ஓட்டை இரண்டு திறந்தே கிடந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் பார்க்கவில்லை.

லாக் கார்ட் 1972 என்றுதான் சொல்கிறது.

ஜூன் 15, இரவு

காரைப் பார்த்த சந்தோஷத்தில் சிஓஇ எத்தனை வருடத்துக்கு என்று விற்பவரிடம் கேட்க மறந்திருப்பாரோ என்று தம்பியிடம் கேட்டேன், கேட்டிருக்கிறார். பதில்: சிஓஇ புதுப்பித்தது ஐந்து வருடத்துக்கு.

இதை எல்லாரும் கவனியுங்கள். பத்து வருடத்துக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்குப் பாதிப் பணம் கட்டிப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்ட முடியாது, முடிந்ததும் பதிவை ரத்து செய்ய வேண்டும். விளம்பரத்தில் "மூன்று வருடம் பாக்கி" என்று இருக்கும், ஐந்து வருடப் புதுப்பிப்பா, பத்து வருடப் புதுப்பிப்பா என்று இருக்காது. 98,000-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 32,000-க்கு மேல். ரோட் டேக்ஸ், ஹப், சக்கரம் இன்னும் சேர்க்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது. 35 வருடம் தாண்டிய வண்டிக்குக் கிளாசிக் திட்டம் உண்டு, அதில் சிஓஇ தேவையில்லை, ஆனால் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். அதற்கு விண்ணப்பித்து, ஓட்டையை மூடி, வண்டியைக் காட்டி, அனுமதி வாங்கி விற்பவரே முடித்துக் கொடுத்தால் பேசலாம். வாங்கிவிட்டு அந்த வேலையை நம் தலையில் போட்டுக்கொள்ள நான் சொல்லமாட்டேன். 45 நாள் போதுமா என்றால், எனக்குப் போதும். மழை நாளைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஜூன் 18

தம்பி இரண்டு பேச்சு பேசிப் பார்த்திருக்கிறார். ஒன்று, வி8-ஐ நீங்களே வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள். விற்பவர் ஒப்பவில்லை, இரண்டும் சேர்த்துத்தானாம். அந்த எஞ்ஜின் மேல் அவருக்கு இருக்கும் பாசத்துக்கு வாங்குபவர் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு, கிளாசிக் திட்டத்துக்கு மாற்றிக் கொடுங்கள். யோசிக்கிறேன் என்றாராம்.

விளம்பரத்தில் "ஒரிஜினல் வி8" வரியை எடுத்துவிட்டார், நல்ல விஷயம். தாம்சன் ரேஸ் வரி இன்னும் இருக்கிறது.

ஜூன் 23

தம்பி இந்த வண்டியை விட்டுவிட்டார். விற்பவர் மாற்றிக் கொடுப்பதாக இல்லை, விலையும் இறங்கவில்லை. என்னைக் கேட்டால் சரியான முடிவு. சில் நன்றாக இருக்கும் எம்ஜிபியை விட்டுவிட்டு வருவது எனக்கே வயிற்றெரிச்சல்தான், ஆனால் மூன்று வருடத்தில் பதிவை ரத்து செய்ய வேண்டிய சில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நேற்று இன்னொரு விளம்பரம் அனுப்பியிருக்கிறார். 1970 ஜிடி, கிளாசிக் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, வெள்ளை நிறம், மாற்றம் எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவது படத்திலேயே வெபர் கார்புரேட்டர் தெரிகிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம். அடிப்பக்கப் படம் இல்லாமல் தொடங்கினால் நான் பதில் எழுதமாட்டேன்.